பிள்ளைகள் பள்ளி சென்ற நேரத்தில்: நெல்லைப் பெண்களின் வீட்டுத் தொழில்

பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பிவிட்டு, அவர்கள் திரும்பும்வரை வீட்டிலிருந்தே சம்பாதிக்க வழியுண்டா என்று நம் சகோதரிகள் பலர் கேட்கிறார்கள். தாமிரபரணிக் கரைக்கு இது புதிய கேள்வி அல்ல. மேலப்பாளையத்திலும் முக்கூடலிலும் நம் தாய்மார்கள் பீடித் தட்டை மடியில் வைத்துக்கொண்டே பிள்ளைகளை வளர்த்தார்கள். பத்தமடையில் லெப்பைக் குடும்பத்துப் பெண்கள் ஆற்றுக் கோரையைக் கிழித்துப் பாய் நெய்தார்கள். பத்தமடைப் பாய்க்கு 2013இல் புவிசார் குறியீடும் கிடைத்தது.

பெண்ணின் உழைப்புக்கு மார்க்கத்தில் தடையில்லை. ஆண்களுக்கு அவர்கள் சம்பாதித்ததில் பங்குண்டு, பெண்களுக்கும் அவ்வாறே பங்குண்டு என்பதைத் திருக்குர்ஆன் 4:32 தெளிவுபடுத்துகிறது. அன்னை ஸைனப் (ரலி) அவர்கள் தம் கைத்தொழிலின் வருவாயைத் தர்மம் செய்தவர்கள்.

வேலை நம் நேரம், கூலி எண்ணிக்கை

பீடி வேலையில் மேற்பார்வையாளர் இல்லை. இரவில் இலையை நனைத்து, காலையில் வெட்டி, சமையலுக்கு இடையே சுற்றி, கடையில் கொடுத்துவிடலாம். ஆனால் கூலி ஆயிரம் பீடிக்கு இவ்வளவு என்பதுதான். காய்ச்சலில் படுத்தால் கூலி இல்லை. கொடுத்த இலை போதாவிட்டால் கைக்காசில் இலை வாங்க வேண்டும். எண்ணிக்கை குறையும் நாளில், பள்ளிவிட்டு வந்த மகளையே தட்டின் முன் உட்கார வைக்கிறோம். பிள்ளைக்காகத் தேடிய வேலை பிள்ளையின் படிப்பைத் தின்னத் தொடங்குவது இங்கேதான். 1986ஆம் ஆண்டின் குழந்தைத் தொழிலாளர் சட்டம், சிறுவருக்குத் தடைசெய்த தொழில்களின் பட்டியலில் பீடி சுற்றுவதையும் சேர்த்தது.

பெயர் யாருடையது?

வீட்டில் சுற்றுபவரும் தொழிலாளியே என்பதை 1966ஆம் ஆண்டின் பீடி, சுருட்டுத் தொழிலாளர் சட்டம் ஏற்றது. வீட்டிலிருந்து சுற்றுவோருக்கும் வருங்கால வைப்பு நிதி உண்டு என்று உச்ச நீதிமன்றம் 1985இல் தீர்ப்பளித்தது. அந்த உரிமை, பாஸ் புத்தகத்தில் பெயர் உள்ளவருக்கே கிடைக்கும். மாமியார் பெயரில் மருமகள் சுற்றினால், எத்தனை ஆண்டு சுற்றினாலும் அவள் கணக்கில் ஏதுமில்லை. ஓய்வூதியத்துக்கோ பத்தாண்டுப் பணி தேவை.

எனவே வேலையில் சேரும்போதே இவற்றைக் கவனியுங்கள்:

• பாஸ் புத்தகமும் பி.எஃப். கணக்கும் உங்கள் பெயரிலேயே இருக்கட்டும். பெயரும் பிறந்த தேதியும் ஆதாரில் உள்ளபடியே பொருந்த வேண்டும்.
• பீடித் தொழிலாளர் அடையாள அட்டை பெறுங்கள். பிள்ளைகளின் கல்வி உதவித்தொகைக்கு அதுவே ஆதாரம். தேசிய கல்வி உதவித்தொகை இணையதளத்தில் விண்ணப்பிக்க வேண்டும்.
• புகையிலைத் தூளைக் குழந்தைகள் தூங்கும் அறையில் வைக்காதீர்கள். சுற்றி முடித்ததும் கைகழுவாமல் குழந்தைக்கு ஊட்டாதீர்கள்.
• தையல் போன்ற மாற்றுத் தொழில் ஒன்றை ஓய்வு நேரத்தில் பழகிக்கொள்ளுங்கள். புகையிலைத் தொழில் குறித்து மார்க்க அறிஞர்கள் பலர் கடுமையாகக் கூறியுள்ளதையும் நாம் மறைக்கக் கூடாது. வேறு வழி கிடைத்தால் மாறிக்கொள்வதே நல்லது.

ஆண்களுக்கும் ஒரு சொல். குடும்பச் செலவு கணவனின் பொறுப்பு. மனைவியின் கூலி அவளுடைய சொத்து. அவள் மனமுவந்து தந்தால் அது அவளுடைய நன்மை. மாலையில் அரை மணி நேரம் பிள்ளையின் பாடத்தை நாம் பார்த்தால், அந்தத் தட்டின் முன் மகள் உட்கார வேண்டியதில்லை.

அல்லாஹ் நம் உழைப்பில் பரக்கத் செய்வானாக.