தீர விசாரித்த மெய்

கண்ணால் காண்பதும் பொய், காதால் கேட்பதும் பொய், தீர விசாரிப்பதே மெய் என்பது நம் முன்னோர் மொழி. வழக்குமன்றத்துக்கும் ஊர்ப் பஞ்சாயத்துக்குமே உரியதென நாம் கருதும் இம்மொழி, விளையாட்டரங்கில் ஒருவரின் வாழ்வையே சோதித்துப் பார்த்தது. அவர் முத்தையா முரளிதரன். டெஸ்ட் கிரிக்கெட்டில் 800 விக்கெட்டுகளை வீழ்த்தியவர் என உலகம் அவரை அறியும். அந்த எண்ணை எட்டுமுன் அவர் கடந்த சோதனைகளே இன்று நமக்குப் பொருளாகின்றன.

1867ஆம் ஆண்டில் ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துரையில் தேயிலை பயிரிட்டார். கோப்பித் தோட்டங்கள் நோயால் அழிந்தபின் மலைநாடெங்கும் தேயிலை பரவிற்று. அத்தோட்டங்களில் உழைப்பதற்குத் தமிழகத்திலிருந்து தலைமுறை தலைமுறையாக மக்கள் வந்தனர். 1920ஆம் ஆண்டில் அவ்வாறு வந்தவர்களுள் ஒருவர் முரளிதரனின் பாட்டனார். பிற்காலத்தில் அவர் தாயகம் திரும்பித் திருச்சிராப்பள்ளியில் வாழலானார். புதல்வர்கள் இங்கேயே தங்கினர். அவர்களுள் ஒருவரான முத்தையா கண்டிக்கு அருகில் பிஸ்கட் தொழிற்சாலை நடத்தினார். அவருடைய மூத்த மகனாக 1972ஆம் ஆண்டு ஏப்ரல் 17ஆம் நாள் முரளிதரன் பிறந்தார்.

ஆகவே அவர் லயத்தில் பிறந்தவரல்லர். ஆயினும் அட்டனிலும் நுவரெலியாவிலும் கொழுந்து கொய்யும் மக்கள் அவரைத் தம்மவரென்று உரிமை பாராட்டுவதில் வியப்பில்லை. 1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம் அம்மக்களுள் மிகப் பெரும்பாலாரை நாடற்றவராக்கியது. 1964ஆம் ஆண்டின் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தமோ, 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு என அவர்களைத் தலையெண்ணிப் பங்கிட்டது. எஞ்சிய 1,50,000 பேரின் நிலை பின்னர் முடிவு செய்வதற்கென ஒதுக்கப்பட்டது. 1977ஆம் ஆண்டின் கலவரத்தில் முத்தையாவின் தொழிற்சாலையும் தீக்கிரையாயிற்று. அப்போது முரளிதரனுக்கு வயது ஐந்து.

தோட்டப்புறங்களில் சமதரை அரிது. டிக்கோயாவின் தரவளையிலும் நானுஓயாவை அடுத்த ரதல்லையிலும் இருந்த அழகிய மைதானங்கள் தோட்டத் துரைமாரின் கழகங்களுக்கு உரியனவாக இருந்தன. முரளிதரனுக்கு வாய்த்தது கட்டுகாஸ்தோட்டைப் புனித அந்தோனியார் கல்லூரியின் மைதானம். முதலில் மிதவேகப் பந்து வீசிவந்த அவர், பயிற்சியாளர் சுனில் பெர்னாண்டோவின் ஆலோசனைப்படி 14 வயதில் சுழற்பந்துக்கு மாறினார். பின்னர் கொழும்பில் தமிழ் யூனியன் கழகத்தில் இணைந்தார். 1992ஆம் ஆண்டு ஓகஸ்ட் மாதம் அவுஸ்திரேலியாவுக்கு எதிராகக் கொழும்பில் தமது முதல் டெஸ்ட் போட்டியில் ஆடினார்.

வலக்கையால் இவ்வகைச் சுழற்பந்து வீசுவோர் பொதுவாக விரல்களாலேயே பந்தைத் திருப்புவர். முரளிதரனோ மணிக்கட்டால் திருப்பினார். அவர் மணிக்கட்டும் தோள்மூட்டும் அசாதாரணமாக வளைந்து கொடுப்பவை. அவருடைய முழங்கையோ பிறவியிலேயே முற்றாக நிமிராதது. இம்மூன்றும் சேர்ந்து சுழலும் வேகத்தில், பார்ப்பவர் கண்ணுக்கு அவர் கையை மடக்கி நீட்டிப் பந்தை எறிவதாகவே தோன்றும். வீசுதல் வேறு, எறிதல் வேறு. எறிதல் கிரிக்கெட்டில் குற்றம்.

1995ஆம் ஆண்டு டிசெம்பர் 26ஆம் நாள், மெல்பேர்ன் மைதானத்தில், நடுவர் டரல் ஹெயர் மூன்று ஓவர்களில் ஏழு முறை ‘நோ போல்’ எனக் கைநீட்டினார். பத்து நாட்களின் பின் பிரிஸ்பேனில் நடுவர் ரொஸ் எமர்சனும் அவ்வாறே செய்தார். ஆயிரமாயிரம் பேர் நடுவே ஒருவரைக் குற்றவாளியாக நிறுத்துவது எத்துணைக் கொடிது! எனினும் அணித்தலைவர் அர்ஜுன ரணதுங்க அவரைக் கைவிட்டாரல்லர். 1999ஆம் ஆண்டு ஜனவரியில் அடிலெயிட்டில் எமர்சன் மீண்டும் கைநீட்டியபோது, ரணதுங்க தம் வீரர்களை மைதான எல்லைவரை அழைத்துச் சென்று ஆட்டத்தையே நிறுத்தினார். சிங்களத் தலைவரொருவர் தமிழ் வீரரொருவருக்காக உலகறிய நின்ற அக்காட்சி, இன்னலுற்றிருந்த இந்நாட்டில் மறக்கவொண்ணாதது.

முரளிதரன் செய்தது என்ன? சோதனைக்குத் தம் கையை நீட்டினார். 1996ஆம் ஆண்டில் மேற்கு அவுஸ்திரேலியப் பல்கலைக்கழகத்திலும் ஹொங்கொங்கிலும் அவர் கை ஆராயப்பட்டது. எறிவதாகத் தெரிவது கண்மயக்கே என்பது முடிவு. 2004ஆம் ஆண்டில் எதிர்ப்புறம் திரும்பும் ‘தூஸ்ரா’ என்னும் பந்தின்மேல் ஐயம் எழுந்தது. அளந்தபோது முழங்கை 14 பாகை நிமிர்வதாகத் தெரிந்தது. பயிற்சியால் அது 10.2 பாகையாகக் குறைந்தது. அந்நாளில் சுழற்பந்து வீச்சாளருக்கு இசைந்த எல்லையோ 5 பாகை. எனவே அப்பந்தை வீச அவருக்குத் தடை வந்தது.

பின்னர் சர்வதேசக் கிரிக்கெட் சபை ஏனையோரையும் அளந்தது. குற்றமற்றவரெனப் போற்றப்பட்ட பந்துவீச்சாளர் பலருடைய முழங்கையும் விதித்த எல்லையைக் கடந்து நிமிர்வதாக வேகப் படக்கருவிகள் காட்டின. 2005ஆம் ஆண்டு மார்ச் மாதம் முதல் எல்லோர்க்கும் பொதுவாக 15 பாகை என்னும் எல்லை வகுக்கப்பட்டது. ஒருவருக்காகச் சட்டத்தை வளைத்தனர் எனக் கூறுவோர் உளர். ஆனால் ஒருவரை மட்டும் ஐயுற்ற கண், மற்றவரை அளக்காமலே விட்டிருந்தது என்பதன்றோ ஆய்வு காட்டிய உண்மை!

இவ்வழக்குக்கு நடுவே அவர் ஆற்றிய செயல்கள் பல. 1998ஆம் ஆண்டு இலண்டன் ஓவல் மைதானத்தில் 220 ஓட்டங்களுக்கு 16 விக்கெட்டுகளை வீழ்த்தினார். அப்போட்டியில் அவர் வீசியவை 113.5 ஓவர்கள்! இங்கிலாந்து மண்ணில் இலங்கையின் முதல் டெஸ்ட் வெற்றி அது. 2007ஆம் ஆண்டு டிசெம்பரில், தாம் பிறந்த கண்டியிலேயே, ஷேன் வோர்னின் 708 விக்கெட்டுகளைக் கடந்தார்.

2010ஆம் ஆண்டு ஜூலை மாதம் காலியில் இந்தியாவுக்கு எதிரான ஆட்டமே தமது இறுதி டெஸ்ட் என முன்கூட்டியே அறிவித்துவிட்டார். அப்போது கையில் இருந்தவை 792. எட்டு விக்கெட்டுகள் வேண்டியிருந்தன. ஏழு கிடைத்தன, பின்னர் எட்டாவது கிட்டாமல் நெடுநேரம் கழிந்தது. இறுதி விக்கெட்டாக நின்ற பிரக்யான் ஓஜாவின் துடுப்பில் பட்ட பந்தை மஹேல ஜயவர்தன பிடித்தார். 133ஆவது போட்டியில், தம் கடைசிப் பந்தில், 800ஆவது விக்கெட்!

நேயர்களே, தோற்றத்தைக் கொண்டு தீர்ப்பெழுதுவது எளிது. நாட்டுக்கு அந்நியரென்று ஏட்டில் எழுதப்பட்ட மக்களின் வழித்தோன்றலே அந்நாட்டின் பெயரை உலகின் உச்சியில் பொறித்தார். நாடற்றோராய் எஞ்சியிருந்த மலையக மக்களுக்குக் குடியுரிமை வழங்கும் சட்டம் 2003ஆம் ஆண்டில்தான் நிறைவேறியது. முழங்கையை அளக்கப் பத்தாண்டு பிடித்தது. ஒரு சமூகத்தின் உரிமையை ஏற்கவோ அரை நூற்றாண்டுக்கு மேல் சென்றது. தீர விசாரிப்பதே மெய் என்றனர் முன்னோர். விசாரணை தாழ்ந்தால், அதன் விலையைக் கொடுப்பவர் ஐயுறப்பட்டவரே என்பதையும் நாம் சேர்த்து உணர்தல் வேண்டும்.