வால் ஸ்ட்ரீட் தரகரும் அவர் எழுதும் தாள்களும்

1792 மே 17 அன்று நியூயார்க்கின் 24 பங்குத் தரகர்கள் கையெழுத்திட்ட பட்டன்வுட் உடன்படிக்கை சில வரிகளே கொண்டது. தரகு கால் சதவீதத்துக்குக் குறையக் கூடாது, வியாபாரத்தில் ஒருவருக்கொருவர் முன்னுரிமை தர வேண்டும். அவ்வளவுதான். பங்கு வாங்க வருபவரிடம் என்ன சொல்ல வேண்டும், எதை எழுதித் தர வேண்டும் என்பது பற்றி அதில் ஒரு சொல்லும் இல்லை. நூறாண்டுக்கு மேலாக அமெரிக்கத் தரகுத் தொழில் ஏறக்குறைய இந்த நிலையிலேயே நடந்தது.

முதலில் விழித்துக்கொண்டவை மாநிலங்கள். 1911இல் கான்சாஸ் மாநிலம், பங்கு விற்க வருபவர்கள் தங்கள் விவரங்களை அரசிடம் முன்கூட்டியே தாக்கல் செய்ய வேண்டும் என்று சட்டம் இயற்றியது. மற்ற மாநிலங்களும் அதைப் பின்பற்றின. ஆனால் மாநில எல்லையைத் தாண்டித் தபாலில் விற்றால் பிடிக்க ஆளில்லை. 1929இல் சந்தை சரிந்த பிறகு, ஃபெர்டினாண்ட் பெகோரா என்ற வழக்கறிஞர் செனட் குழுவின் சார்பில் வங்கியாளர்களையும் தரகர்களையும் கூண்டில் ஏற்றாத குறையாக விசாரித்தார். அதன் சூட்டில் இரண்டு சட்டங்கள் பிறந்தன. 1933ஆம் ஆண்டுச் சட்டம் பங்கு வெளியிடும் கம்பெனிகளுக்கானது. தரகர்களைக் கட்டுக்குள் கொண்டுவந்தது 1934ஆம் ஆண்டுச் சட்டம். எஸ்இசி என்ற பங்குச்சந்தை ஆணையமும் அதில்தான் உருவானது.

அந்தச் சட்டம் தீர்க்க முயன்ற பழைய சிக்கல் ஒன்று உண்டு. ஒரே நிறுவனம் காலையில் வாடிக்கையாளருக்காகச் சந்தையில் பங்கு தேடித் தந்து தரகு வாங்கும். மாலையில் தன் கையிருப்பிலுள்ள பங்கையே அவர் தலையில் கட்டி லாபம் பார்க்கும். மாட்டுச் சந்தைக்குப் போய் வந்த எவருக்கும் இது புரியும். தரகுக்காரன் காட்டும் மாடு அவனுடைய சொந்த மாடாக இருந்தால், அவன் சொல்லும் விலைக்குப் பொருளே வேறு. ஆகவே இந்த வியாபாரத்தில் தான் தரகரா, சொந்தச் சரக்கை விற்கும் வியாபாரியா என்பதைத் தரகர் எழுத்தில் தெரிவிக்க வேண்டும் என்று சட்டம் கேட்டது. பின்னாளில் 1977இல் வந்த ஆணையத்தின் 10பி-10 விதி இதை விரித்தது. தேதி, பங்கின் பெயர், எண்ணிக்கை, விலை, எந்த நிலையில் செயல்பட்டார், தரகராக இருந்தால் எவ்வளவு தரகு பெற்றார் என்பவை தரகர் வாடிக்கையாளருக்குத் தரும் உறுதிச் சீட்டில் இருக்க வேண்டும். இந்திய முதலீட்டாளருக்குப் பழக்கமான கான்ட்ராக்ட் நோட்டுக்கு இது ஒருவகைப் பங்காளி.

வாடிக்கையாளருக்குத் தரும் சீட்டு ஒரு பக்கம். ஆணையத்துக்காக வைக்கும் கணக்கு மறுபக்கம். 17ஏ-3 விதி எந்தெந்தப் பேரேடுகளை எழுத வேண்டும் என்கிறது. 17ஏ-4 விதி அவற்றை எத்தனை காலம் காக்க வேண்டும் என்கிறது. அன்றாட வரவு செலவுப் பதிவுக்கு ஆறு ஆண்டு, கடிதப் போக்குவரத்துக்கு மூன்று ஆண்டு, அதிலும் முதல் இரண்டு ஆண்டு கைக்கெட்டும் இடத்தில்.

இந்தத் தாள்கள் தரகர்களையே புதைக்கப் பார்த்தது 1960களின் பிற்பகுதியில். நியூயார்க் சந்தையில் 1965இல் நாளொன்றுக்குச் சராசரியாக 62 லட்சம் பங்குகள் கைமாறின. 1968இல் அது 1.3 கோடியை நெருங்கியது. ஒவ்வொரு விற்பனைக்கும் விற்றவரின் கையெழுத்தோடு அச்சுச் சான்றிதழ் வர வேண்டும். பையில் போட்டுக்கொண்டு ஆள் தெருத் தெருவாக நடந்து அதை எதிர்த் தரகரிடம் சேர்க்க வேண்டும். பழையது ரத்தாகி, வாங்கியவர் பெயரில் புதியது எழுதப்பட வேண்டும். ஐந்து வேலைநாளுக்குள் ஒப்படைக்க வேண்டிய சான்றிதழ்கள் வாரக்கணக்கில் மேசைகளில் குவிந்தன. சில தொலைந்தன, சில திருடுபோயின. 1968 ஜூன் 12 முதல் ஆண்டு முடியும்வரை புதன்கிழமைதோறும் சந்தையை மூடி எழுத்தர்கள் பழைய பாக்கியைத் தீர்த்தார்கள். முதல் புதன் விடுமுறைக்கு மறுநாளே 2.1 கோடிப் பங்குகள் கைமாறி அதுவரை இல்லாத அளவை எட்டியதுதான் வேடிக்கை. அவ்வாண்டு டிசம்பரில் ஒப்படைக்கப்படாமல் நின்றவற்றின் மதிப்பு 400 கோடி டாலரைத் தாண்டியது.

தன் கணக்கு தனக்கே தெரியாத தரகர், ஆணையத்துக்கு உண்மையான அறிக்கை எப்படித் தருவார்? அடுத்த இரண்டு ஆண்டுகளில் நூற்றுக்கு மேற்பட்ட நிறுவனங்கள் மூடப்பட்டன அல்லது பிறரோடு இணைந்தன. 1970 டிசம்பரில் முதலீட்டாளர் பாதுகாப்புச் சட்டம் வந்தது. தரகர் திவாலானால் வாடிக்கையாளருக்கு 50,000 டாலர் வரை காப்பு கிடைத்தது. 1972இல் வந்த 15சி3-3 விதி வாடிக்கையாளர் பணத்தையும் பங்கையும் தனியே வைக்கச் சொன்னது. 1973இல் டெபாசிட்டரி டிரஸ்ட் கம்பெனி தொடங்கியதும் சான்றிதழ்கள் பெட்டகத்தில் அசையாமல் கிடந்தன. ஏட்டில் பெயர் மட்டும் மாறியது. இந்தியச் சந்தை இதே அவதியிலிருந்து மீள 1996ஆம் ஆண்டு டெபாசிட்டரிச் சட்டம் வரை காத்திருந்தது.

நடந்த தாள் நின்றது. எழுதும் தாள் நிற்கவில்லை. பலருக்குப் பலவிதமாகத் தந்த நிதி அறிக்கைகளை 1975இல் ஃபோகஸ் என்ற ஒரே அறிக்கையாகச் சேர்த்தது உண்மையான நிவாரணம். 1980இல் வந்த காகிதச் சுமைக் குறைப்புச் சட்டம் வேறு வழியில் போனது. எந்த அரசு அமைப்பும் படிவம் கேட்பதானால், அதை நிரப்ப எத்தனை மணி நேரம் ஆகும் என்று கணக்கிட்டு, மக்களிடம் கருத்துக் கேட்டு, வரவு செலவுத் திட்ட அலுவலகத்தின் அனுமதி எண் பெற வேண்டும். அனுமதி மூன்று ஆண்டுக்கு மேல் செல்லாது; மறுபடி கணக்கு, மறுபடி அறிவிப்பு. காகிதத்தைக் குறைக்கவே தனிக் காகிதக் கட்டு ஒன்று உருவானது. இந்தக் கணக்கு எழுதுபவரின் நேரத்தை அளக்கிறது; படிக்க வேண்டியவர் படித்தாரா என்பதை அளப்பதில்லை. பெரிய குறை அதுதான்.

மலிவுப் பங்கு மோசடிகளை அடுத்து 1990இல் வந்த சட்டத்தால், அத்தகைய பங்கை விற்குமுன் அபாய எச்சரிக்கைத் தாள் தருவது கட்டாயமானது. ஆணைகளை எந்தச் சந்தைக்கு அனுப்பினோம் என்ற காலாண்டு அறிக்கை 2000இல் சேர்ந்தது. கடைசியில், படிக்கக்கூடிய ஒன்று வேண்டும் என்று ஆணையம் 2019 ஜூனில் சிஆர்எஸ் படிவத்தை ஏற்றது. கட்டணம் என்ன, முரண்பட்ட நலன் என்ன, ஒழுங்கு நடவடிக்கைக்கு ஆளானதுண்டா என்பவற்றை எளிய நடையில், இரண்டு பக்கத்துக்கு மிகாமல், தரகர் சொல்ல வேண்டும். 2020 ஜூன் 30க்குள் அதைத் தாக்கல் செய்ய வேண்டியிருந்தது. அந்த இரண்டு பக்கத்தை எப்படி எழுதுவது என்று விளக்கி ஆணையம் வெளியிட்ட ஆவணம் மட்டும் பல நூறு பக்கம்.