வண்டிக்கு வந்த பெயர்

பெயர் வைப்பதற்கும் எண் கொடுப்பதற்கும் உள்ள வித்தியாசத்தை நான் அடிக்கடி நினைத்துப் பார்ப்பதுண்டு. கதை எழுதுகிறவனுக்கு இது தொழிலோடு ஒட்டிய விஷயம். பாத்திரத்துக்குப் பெயர் சரியாக அமைந்துவிட்டால் பாதிக் கதை எழுதியாகிவிட்டது என்று அர்த்தம். பெயர் அமையாதவரை அந்த ஆசாமி என் மனத்துக்குள் நடமாடவே மறுப்பான்.

பெயர், நமக்கு வேண்டியவர்களுக்கு நாம் ஆசையோடு கொடுப்பது. எண் அப்படியல்ல. சிறையிலே கைதிக்கு எண். ரயிலடியிலே போர்ட்டரின் கையில் கட்டிய பித்தளை வில்லையில் எண். தவறு நடந்தால் கையைப் பிடித்து நிறுத்த வேண்டிய ஆள் எவனோ, அவனுக்கு எண்.

ஆனால் எண்ணே பெயராக மாறிப்போன கதை ஒன்று உண்டு. பிரிட்டனில் மோட்டார் வண்டிகளின் நெற்றியிலும் முதுகிலும் மாட்டியிருக்கும் நம்பர் பலகையின் கதைதான் அது. சந்தேகத்தில் பிறந்த அந்தப் பலகை, இன்று ஏலத்தில் லட்சக் கணக்கான பவுண்டுக்குப் போகிறது. இந்த மாறுதல் எப்படி நேர்ந்தது?

இயந்திர வண்டி என்றாலே இங்கிலீஷ்காரருக்கு ஒரு காலத்தில் பயம். 1865-ம் வருஷத்துச் சட்டப்படி, சாலையில் போகும் இயந்திர வண்டிக்கு முன்னால் அறுபது கஜ தூரத்தில் ஓர் ஆள் சிவப்புக் கொடி பிடித்து நடக்க வேண்டும். நாட்டுப்புறத்தில் மணிக்கு 4 மைல். ஊருக்குள் 2 மைல். நம் ஊர்த் தேர் கொஞ்சம் மனசு வைத்தால் அதை முந்திவிடும்! 1896-ல்தான் இலேசான வண்டிகளுக்கு இந்தக் கட்டு நீங்கி, 14 மைல் வரை போகலாம் என்று அனுமதி வந்தது.

மோட்டார் வைத்திருந்த சீமான்கள் 14 மைலோடு நின்றார்களா? வண்டி புழுதியைக் கிளப்பிக்கொண்டு பறந்தது. கோழி செத்தது, குதிரை மிரண்டது, வேலியோரம் நடந்துபோன மனிதன் பள்ளத்தில் விழுந்தான். எழுந்து புழுதியைத் துடைத்துக்கொண்டு பார்ப்பதற்குள் வண்டி வளைவைத் தாண்டியிருக்கும். யாருடைய வண்டி என்று போலீஸ்காரரிடம் அவன் என்ன சொல்லுவான்? "கறுப்பு வண்டி, ஐயா, உள்ளே ஒரு துரை இருந்தார்" என்று சொல்லலாம். எந்தத் துரை?

இந்தக் கேள்விக்குப் பதிலாக வந்ததுதான் 1903-ம் வருஷத்து மோட்டார் கார் சட்டம். ஸ்தல ஸ்தாபன இலாகாவுக்குத் தலைவராக இருந்த வால்டர் லாங் அதைக் கொண்டுவந்தார். மோட்டார்க்காரர்கள் வேக எல்லையே கூடாது என்றார்கள்; எதிர்க் கட்சியோ பழைய எல்லையே அதிகம் என்றது. கடைசியில் ஒரு சமரசம் ஏற்பட்டது. வேகம் 20 மைலாக உயரும். அதற்கு ஈடாக ஒவ்வொரு வண்டியும் கவுண்டி கவுன்ஸிலிலோ, பெரிய நகரமானால் அதன் கவுன்ஸிலிலோ பதிவாகி, முன்னும் பின்னும் எண் தரித்துக்கொள்ள வேண்டும். மோட்டார் காருக்குப் பதிவுக் கட்டணம் ஒரு பவுண்டு. மோட்டார் சைக்கிளுக்கு ஐந்து ஷில்லிங். 1904 ஜனவரி முதல் தேதி சட்டம் அமலுக்கு வந்தது.

கனவான்களுக்கு இது பெருத்த அவமானமாகப் பட்டது. வாடகைக் குதிரை வண்டிக்கு நம்பர் இருந்தால் நியாயம். குலமும் கோத்திரமும் உள்ள ஒரு பிரபுவின் சொந்த வண்டிக்குமா? அவர்கள் கோபத்தில் ஓர் உண்மை இருந்தது. எண் என்பது சந்தேகத்தின் அடையாளம் என்பதை அவர்கள் சரியாகவே புரிந்துகொண்டார்கள்.

ஆனால் மனித சுபாவம் விசித்திரமானது. கழுத்தில் மாட்டித்தான் தீரவேண்டும் என்று ஆகிவிட்டால், மாட்டுகிற கயிற்றிலும் தங்கக் கயிறு தேடுகிற பிறவி அல்லவா நாம்? சட்டம் அமலுக்கு வருமுன்பே அது ஆரம்பமாகிவிட்டது. லண்டன் கவுண்டி கவுன்ஸிலில் 'ஏ 1' என்ற எண்ணைத் தாம்தான் பெறவேண்டும் என்பதற்காக ரஸ்ஸல் பிரபு இரவு முழுவதும் அலுவலக வாசலில் காத்து நின்றார் என்று ஒரு கதை வழிவழியாகச் சொல்லப்படுகிறது. இவர் தத்துவ ஞானி பெர்ட்ரண்ட் ரஸ்ஸலின் அண்ணன். முதல் மனைவியை இங்கிலீஷ் சட்டப்படி விலக்குவதற்கு முன்பே மறுமணம் செய்துகொண்டதற்காக, 1901-ல் பிரபுக்கள் சபையிலேயே விசாரிக்கப்பட்டு மூன்று மாதம் சிறையில் இருந்தவர். அதே மனிதர் 1929-ல் போக்குவரத்து இலாகாவின் பார்லிமெண்டரி காரியதரிசியாகவும் அமர்ந்தார்! மற்றக் கனவான்கள் எண்ணைக் கண்டு கூசியபோது, இவர் அதை வரிசையில் நின்று வாங்கிக்கொண்டாராம்.

'ஏ 1' என்பதற்கு அப்போதே ஒரு மவுசு இருந்தது. லாயிட்ஸ் கப்பல் பதிவேட்டில் முதல்தரக் கப்பலுக்குக் கொடுக்கும் மதிப்பு அது. நம் கடைத்தெருவில் "ஏ ஒன் சரக்கு" என்கிறார்களே, அதன் பூர்வோத்தரம் இதுதான்.

இந்த எழுத்துக்களை எப்படிப் பங்கிட்டார்கள் தெரியுமா? ஜனத்தொகைக் கணக்குப்படி. 1901 கணக்கில் முதல் இடம் பெற்ற லண்டனுக்கு ஏ; லங்காஷயருக்கு பி; அடுத்து யார்க்ஷயரின் மேற்குப் பிரிவுக்கு சி; கெண்ட்டுக்கு டி; ஸ்டாஃபர்ட்ஷயருக்கு இ; எஸ்ஸெக்ஸுக்கு எஃப். ஒற்றை எழுத்துக்கள் தீர்ந்ததும் இரட்டை எழுத்துக்கள். இங்கிலாந்தின் மிகச் சிறிய கவுண்டியான ரட்லண்டுக்கு 'எஃப். பி.' கிடைத்தது. ஸ்காட்லாந்துக்கு எஸ் என்ற எழுத்தையும், அயர்லாந்துக்கு ஐ என்ற எழுத்தையும் பெரும்பாலும் ஒதுக்கிவைத்தார்கள்.

டார்ஸெட் கவுண்டிக்கு மட்டும் ஒரு சங்கடம் நேர்ந்தது. அதன் பங்குக்கு வந்த எழுத்துக்கள் 'பி. எஃப்.' அது ஆங்கிலத்தில் ஒருவனை மடையன் என்று திட்டும் ஒரு கொச்சை வசவின் சுருக்கம். எந்தக் கனவான் அதை நெற்றியில் மாட்டிக்கொண்டு மாதா கோயிலுக்குப் போவார்? ஆட்சேபணை கிளம்பியது, டார்ஸெட்டுக்கு 'எஃப். எக்ஸ்.' என்று மாற்றிக் கொடுத்தார்கள். இது சிறிய சம்பவம். ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். சர்க்கார் கொடுத்தது வெறும் குறி. ஜனங்கள் அதைச் சொல்லாகப் படிக்க ஆரம்பித்துவிட்டார்கள்.

ஒவ்வொரு எழுத்துக்கும் 9,999 எண்கள்தான். வண்டிகள் பெருகப் பெருக எண்கள் தீர்ந்துபோயின. 1932-ல் ஸ்டாஃபர்ட்ஷயர் முதன் முதலாக மூன்று எழுத்துப் பலகையைக் கொண்டுவந்தது. ஊரைக் குறிக்கும் இரண்டு எழுத்துக்களுக்கு முன்னால் இன்னோர் எழுத்து. பிறகு மூன்று இலக்கம். அதுவும் தீர்ந்தபோது, 1950-களில், எண்ணை முன்னும் எழுத்தைப் பின்னுமாகத் திருப்பிப் போட்டார்கள். அதுவும் போதவில்லை. 1963-ல் பலகையின் வாலில் ஓர் எழுத்தைச் சேர்த்தார்கள்: அந்த வருஷத்துக்கு ஏ, 1964-க்கு பி, 1965-க்கு சி. எண் பஞ்சம் தீர்ந்தது. ஆனால், யாரும் கேட்காமலே, வண்டியின் ஜாதகம் தெருவில் தொங்க ஆரம்பித்தது.

எனக்கு இந்தச் சரித்திரத்தில் மிகவும் முக்கியமாகத் தோன்றும் இடம் இதுதான். அதுவரை பலகை சொன்னது வண்டியின் ஊரை. இப்போது அது வயதையும் சொன்னது. வாலில் இருக்கும் எழுத்தைப் பார்த்தால் போதும். எதிர்வீட்டுக்காரர் புது வண்டி வாங்கினாரா, பழையதைத் துடைத்து நிறுத்தியிருக்கிறாரா என்று ஜன்னல் வழியாகவே தெரிந்துவிடும். கல்யாண வீட்டில் பழைய பட்டுப் புடவையை எவ்வளவு சாமர்த்தியமாக உடுத்தினாலும் கண்டுபிடித்துவிடும் சில கண்கள் இருக்குமே, அந்தக் கண்களைச் சர்க்காரே இலவசமாக எல்லோருக்கும் வழங்கிய மாதிரி! 1967-ல், வியாபாரிகளின் வேண்டுகோளின்படி, எழுத்து மாறும் நாளை ஜனவரியிலிருந்து ஆகஸ்டுக்கு மாற்றினார்கள். அப்புறம் ஆகஸ்டு மாதம் புது வண்டிக்குத் திருவிழா. ஜூலையில் வாங்கினால் பழைய எழுத்து. ஒரு மாதம் பொறுத்தால் புது எழுத்து. கூட்டம் தாங்காமல் 1999 முதல் வருஷத்துக்கு இரண்டு முறை, மார்ச்சிலும் செப்டம்பரிலும், மாற்றத் தொடங்கினார்கள்.

பலகையில் சொல்லைத் தேடும் பழக்கம் எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு ஒன்று சொல்கிறேன். 1969-ல் பீட்டில்ஸ் பாடகர்களின் 'ஆபி ரோடு' இசைத்தட்டு வந்தது. அதன் உறையில், நால்வரும் சாலையைக் கடக்கும் படத்தில், ஓரமாக ஒரு வெள்ளை வோக்ஸ்வேகன் நிற்கிறது. அதன் எண் 'எல். எம். டபிள்யூ. 281 எஃப்.' அந்தச் சமயத்தில், பால் மெக்கார்ட்னி இறந்துவிட்டார், அவரைப்போல் இன்னொருவர் நடிக்கிறார் என்று ஒரு வதந்தி பரவியிருந்தது. வதந்திப் பிரியர்கள் அந்தப் பலகையில் உள்ள 1-ஐ 'ஐ' என்ற ஆங்கில எழுத்தாகப் படித்து, '28 இஃப்' என்று கண்டார்கள். "இருந்திருந்தால் வயது 28" என்று பொருள் சொன்னார்கள். அவருக்கு அப்போது வயது 27 என்பதும், அவர் உயிரோடு இருந்தார் என்பதும் அவர்களுக்குத் தடையாக இல்லை. பலகை உண்மையில் சொன்னது இவ்வளவுதான்: வண்டி வில்ட்ஷயரில் பதிவானது, 1967 ஆகஸ்டுக்கும் 1968 ஜூலைக்கும் இடைப்பட்ட வயது. உண்மை எப்போதும் கற்பனையைவிடச் சப்பென்றுதான் இருக்கிறது!

வயது வெளியே தெரிந்தவுடன் அதை மறைக்கும் ஆசையும் வந்தது. பழைய வண்டியின் எண்ணைப் புது வண்டிக்கு மாற்றிக்கொள்ள அங்கே சட்டம் இடம் தருகிறது. வருஷ எழுத்தே இல்லாத பழைய எண்களுக்கு அதனால் மதிப்பு ஏறியது. வட அயர்லாந்து இன்றும் பழைய முறையையே, வருஷக் குறி இல்லாமல், வைத்திருக்கிறது. ஆகையால் அந்தப் பலகைகளை இங்கிலாந்திலும் தேடி வாங்குகிறார்கள். இதில் ஒரு நிபந்தனை உண்டு. புது வண்டிக்குப் பழைய எண்ணை மாட்டலாம். பழைய வண்டியைப் புதிதாகக் காட்டும் எண்ணை மாட்டக்கூடாது. வயதை மறைக்கலாம், குறைத்துச் சொல்லக்கூடாது! சினிமா நட்சத்திரங்களுக்கு இதைவிடக் கண்ணியமான விதி யாரால் செய்ய முடியும்?

பிறகு, பெயரையே எழுதிக்கொள்ளும் ஆசை. ஹாஸ்ய நடிகர் ஜிம்மி டார்பக் தம் காருக்கு 'சி. ஓ. எம். 1 சி' என்ற எண்ணை வாங்கினார். சேர்த்துப் படித்தால் 'காமிக்'. மந்திரவாதி பால் டேனியல்ஸிடம் 'எம். ஏ. ஜி. 1 சி' இருந்தது, அது 'மாஜிக்'. குறியை அறிந்தவர் படித்தால், முன்னது பர்மிங்ஹாம், பின்னது ஸ்காட்லாந்தின் ஏர்ஷயர். இரண்டுக்கும் வருஷம் 1965. குமாஸ்தா ஒருவர் வரிசைப்படி போட்ட எழுத்துக்கள்தாம். ஹாஸ்யத்தையும் மந்திரத்தையும் அவர் நினைத்தே இருக்கமாட்டார்.

1974-ல் பதிவு வேலை கவுன்ஸில்களிடமிருந்து வேல்ஸிலுள்ள ஸ்வான்ஸி நகரத்து மத்திய அலுவலகத்துக்குப் போயிற்று. 1983-ல் வருஷ எழுத்து வாலிலிருந்து தலைக்கு வந்தது. ஜனங்கள் எண்ணுக்காகத் தங்களுக்குள் பணம் கைமாற்றிக்கொள்வதைப் பார்த்துக்கொண்டிருந்த சர்க்காருக்கும் ஒரு யோசனை உதித்தது. நல்ல எண்களைக் கொடுக்காமல் நிறுத்திவைத்து, 1989 முதல் தானே விற்க ஆரம்பித்தது. குற்றவாளியைப் பிடிக்க உண்டாக்கிய பலகை, இதுவரை நூறு கோடி பவுண்டுக்கு மேல் கஜானாவுக்குச் சம்பாதித்துக் கொடுத்திருக்கிறது.

எஸ்ஸெக்ஸ் கவுன்ஸில் 1904 முதல் தன்னிடமே வைத்திருந்த 'எஃப் 1' 2008-ல் விலைக்கு வந்தது. 4,40,000 பவுண்டுக்கு மேல் போயிற்று. உலகமெல்லாம் பார்க்கும் கார்ப் பந்தயத்தின் பெயர் அல்லவா அது! 1901-ல் எஸ்ஸெக்ஸில் இன்னும் சில லட்சம் பேர் கூடுதலாக வசித்திருந்தால் அந்த எழுத்து வேறு கவுண்டிக்குப் போயிருக்கும். 2014-ல் '25 ஓ' என்ற எண் கட்டணங்களோடு 5,00,000 பவுண்டைத் தாண்டியது. ஓ என்ற எழுத்தைச் சைபராகப் படித்தால் 250. அது ஃபெராரி கம்பெனியின் புகழ்பெற்ற வண்டி வரிசையின் பெயர்.

இத்தனை வேடிக்கைக்கு நடுவிலும், பள்ளத்தில் விழுந்து எழுந்த மனிதனை ஸ்வான்ஸி அலுவலகம் அடியோடு மறந்துவிடவில்லை. 2001 செப்டம்பரில் வந்த முறையை, விபத்தைப் பார்த்த ஒருவர் சுலபமாக நினைவு வைத்துக்கொள்ளும்படி அமைத்தார்கள். முதல் இரண்டு எழுத்து ஊர்: எல் என்று தொடங்கினால் லண்டன், ஒய் என்றால் யார்க்ஷயர், வேல்ஸுக்கு அதன் சொந்த மொழிப் பெயரான 'கம்ரி'யின் முதல் எழுத்தாகிய சி. அடுத்த இரண்டு இலக்கம் காலம்: 2002 மார்ச்சுக்கு 02, செப்டம்பருக்கு ஐம்பதைக் கூட்டி 52. கடைசி மூன்று எழுத்துக்களுக்குப் பொருள் இல்லை. அவற்றில் வசைச் சொல் அமைந்துவிடாதபடி, ஆறு மாதத்துக்கு ஒரு முறை உட்கார்ந்து பார்த்துத் தள்ளுகிறார்கள். டார்ஸெட்டின் சங்கடத்தை இன்னும் மறக்கவில்லை போலும்!

ஆனாலும், தம் பெயர் வரவேண்டும் என்பதற்காக எழுத்துக்களை நெருக்கியும் விலக்கியும் பலகையைத் திரித்துக்கொள்கிறவர்கள் இருக்கிறார்கள். அதற்கு 1,000 பவுண்டு வரை அபராதம் உண்டு. இது கடுமையான தண்டனை என்று எனக்குத் தோன்றவில்லை. நான் பெயரை நேசிக்கிறவன். மனிதன் தன் எண்ணுக்குள்ளும் ஒரு பெயரைத் தேடுகிறான் என்பதில் எனக்குச் சந்தோஷமே. ஆனால் அந்தப் பலகை எவர் காசில் வாங்கியதானாலும், உள்ளே இருப்பவர் தம் அழகைப் பார்த்துக்கொள்வதற்காகப் பிறந்ததல்ல. வெளியே நடந்து போகிறவர் படிப்பதற்காகப் பிறந்தது.

பிரிட்டிஷ் மன்னர் அரசாங்க வைபவங்களுக்குப் போகும் கார்களுக்கு மட்டும் நம்பர் பலகையே கிடையாது. யாருடைய வண்டி என்று கேட்கவேண்டிய அவசியம் அங்கே இல்லை. மற்ற எல்லோரையும், லட்சம் பவுண்டு கொடுத்தவர் உள்பட, தெருவில் நடக்கும் ஒரு சாதாரண மனிதன் "நீ யார்?" என்று கேட்கலாம்; பலகை பதில் சொல்லித்தான் ஆகவேண்டும். 1903-ல் கனவான்களுக்குக் கசந்தது இந்தக் கேள்விதான். நூறு வருஷத்துக்கு மேல் ஆகியும் அந்தக் கேள்வியின் நியாயம் குறையவில்லை.