இரு மொழியில் ஒரு விசுவாசம்

ஊத்துக்கோட்டையிலிருந்து நாகலாபுரம் வழியே செல்வோர், ஆரணியாற்றை அடுத்துப் பிச்சாட்டூரைக் காண்பர். ஒரு வாசலில் தமிழும் மறு வாசலில் தெலுங்கும் ஒலிக்கும் வட்டாரம் அது. 1953இல் ஆந்திரம் தனி மாநிலமாயிற்று. 1960இல் இரு மாநில எல்லைகள் திருத்தப்பட்டன. 2022இல் திருப்பதி மாவட்டம் அமைந்தது. ஆட்சிக் கோடுகள் இவ்வாறு மாறினும், அங்குள்ள குடும்பங்கள் இரு மொழியோடும் வாழ்ந்தே வருகின்றன. சமய நம்பிக்கை ஒன்று இவ்விரு மொழியாரிடத்தும் எங்ஙனம் சென்றது என்பதை, திருப்பதிப் பகுதியில் வேரூன்றிய லுத்தரன் திருச்சபையின் வரலாற்றைக் கொண்டு ஈண்டு நோக்குவோம். பல சமயத்தவராகிய நம் சங்கத்தார் அனைவரும் இதனின்று கொள்ளத்தக்க செய்தி ஒன்று உண்டு.

இச்சபையின் கொள்கைகளைச் சுருங்கக் கூறுவது, மார்ட்டின் லுத்தர் 1529இல் எழுதிய சிறிய ஞானோபதேசமாகும். குடும்பத் தலைவன் தன் வீட்டாருக்கு வீட்டிலேயே கற்பிக்கத்தக்க எளிய வினாவிடையாக அவர் இதனை இயற்றினார். பத்துக் கட்டளைகள், விசுவாசப் பிரமாணம், கர்த்தருடைய செபம், ஞானஸ்நானம், திருவிருந்து என்பன இதன் முதன்மைப் பகுதிகள். பிதா, குமாரன், பரிசுத்த ஆவி என விளங்கும் கடவுள் ஒருவரே. மனிதன் மீட்புப் பெறுவது நற்செயலின் கூலியாக அன்று, கிறிஸ்துவின்மேல் வைக்கும் விசுவாசத்தின் வழியே கிடைக்கும் கிருபையினால். நற்செயல் அவ்விசுவாசத்தின் கனி. நம்பிக்கைக்கு அளவுகோல் வேதாகமமே. இவை அச்சபையாரின் அடிப்படைக் கொள்கைகள். வேதமே அளவுகோல் எனின், அதனை ஒவ்வொருவரும் தத்தம் தாய்மொழியிற் கேட்டல் வேண்டும். மொழிபெயர்ப்பு இவர்கட்குச் சமயக் கடமையானது இக்காரணம் பற்றியே.

1706இல் தரங்கம்பாடியில் வந்திறங்கிய சீகன்பால்கு, தமிழ் கற்று இந்த ஞானோபதேசத்தைத் தமிழாக்கினார். அவர் மொழிபெயர்த்த புதிய ஏற்பாடு 1715இல் அச்சேறி முடிந்தது. 1719இல் அவர் மறைந்தபின் பணியைத் தொடர்ந்த பெஞ்சமின் சூல்ட்சே, 1726இல் சென்னைக்குச் சென்று தெலுங்கிலும் எழுதலானார். தாயகம் திரும்பிய அவர், தெலுங்கு ஞானோபதேச நூலொன்றை 1746இல் ஜெர்மனியின் ஹாலே நகரில் அச்சிடுவித்தார். பின்னர் 1865இல், ஹெர்மான்ஸ்பர்க் மிஷனைச் சேர்ந்த மைலியஸ் சூளூர்ப்பேட்டையில் பணி தொடங்கினார். அதன் வழியே வளர்ந்த தென் ஆந்திர லுத்தரன் திருச்சபைக்குத் திருப்பதியே தலைமையிடம்.

கொள்கை உயர்ந்ததாயினும், நடைமுறை அதனோடு ஒத்திருந்ததா என்பதையும் வரலாறு வினவும். 1733இல் ஆரோன் என்னும் தமிழர் குருப்பட்டம் பெற்றமை பெருமைக்குரியது. ஆயினும் தரங்கம்பாடி ஆலயத்திலே சாதிக்கொரு பக்கமாக மக்கள் பிரிந்தே அமர்ந்தனர். 1833இல் ஆங்கிலிக்கச் சபையின் கல்கத்தாப் பேராயர் தானியேல் வில்சன், சபைக்குள் சாதி வேற்றுமை ஒழிக எனக் கட்டளையிட்டபோது, தஞ்சைச் சபையாருட் பலர் உடன்பட்டிலர். கீர்த்தனைகளால் புகழ்பெற்ற வேதநாயக சாஸ்திரியாரும் அதனை எதிர்த்தார். ஒரே கிருபையை நம்பியோர் ஒரே பாயில் அமரத் தயங்கினர்! இக்குறை ஒரு சபைக்கு மட்டும் உரியதன்று. நம் சமுதாயம் முழுமைக்கும் உரியது என்பதை நாம் ஒப்புக்கொள்ளல் வேண்டும்.

இவ்வரலாறு நமக்கு இரண்டு செய்திகளைக் கூறுகின்றது. நாம் எந்த நம்பிக்கையை உடையோமாயினும், அது நம் பந்தியிலும் இருக்கையிலும் காணப்படல் வேண்டும் என்பது ஒன்று. மற்றொன்று, வீட்டைப் பற்றியது. லுத்தர் தம் நூலை வீட்டாரிடம் ஒப்படைத்தார். தாய்நிலம் விட்டுக் காலனியில் வாழும் நம் பிள்ளைகட்குப் பள்ளியில் வேறு மொழி வாய்க்கலாம். ஆனால், அவர்கள் செபமோ தேவாரமோ திருக்குறளோ தமிழிற் சொல்லக் கேட்பது நம் இல்லத்தில்தான். நாள்தோறும் விளக்கேற்றும் வேளையில் கால்மணி நேரம் அதற்கென ஒதுக்குவோமாக.