ஒற்றைப் படியாகிய ஒலித்தட்டுகள்: பதிப்பு நெறி பற்றிய ஓர் ஆய்வு

செஞ்சிக்கு அணித்தாயுள்ள மேல்சித்தாமூர், தமிழ்ச் சமணரின் தலைமை மடம் விளங்கும் ஊராகும். அங்குள்ள மலைநாதர் கோயிற் பாறையில் கி.பி. 9ஆம் நூற்றாண்டினவாகக் கருதப்படும் சமணத் திருவுருவங்கள் உள்ளன. தமிழ்ச் சமணர் தம் நூல்களை வழிவழியாக ஏட்டில் எழுதியும் ஓதியும் காத்து வந்தனர். உ.வே. சாமிநாதையர் சீவக சிந்தாமணியைப் பதிப்பிக்க முற்பட்டபோது, பல ஏடுகளை ஒப்புநோக்கியதோடு, கும்பகோணத்துச் சமணர்பால் கேட்டும் பொருள் தெளிந்தார். அப்பதிப்பு 1887இல் வெளிவந்தது. ஏடுகள் எஞ்சின, அவற்றை ஓதிய குரல்கள் எஞ்சவில்லை.

அதே 1887ஆம் ஆண்டில்தான் எமில் பெர்லினர் கிராமபோனுக்குக் காப்புரிமை பெற்றார். அதன்பின் குரலும் சுவடியாயிற்று. அச்சுவடியை இன்று படிக்கும் முறை யாது என்பதே ஈண்டு ஆராயப்படுவது. பழைய ஒலித்தட்டை இன்றைய கருவியில் ஒலிக்கச் செய்தல் வெறும் படியெடுத்தலன்று. அதுவும் ஒரு பதிப்புப் பணியே என்பது இக்கட்டுரையின் துணிபு.

ஒலித்தட்டுகள் இருவகைப்படும். ஒன்று, ஆலையில் அச்சிட்ட அரக்குத் தட்டு. கிரியர்சனின் இந்திய மொழியளவைக்காக 1913 முதல் 1929 வரை பதிவு செய்யப்பட்ட தட்டுகள் இவ்வகையின. அச்சிட்ட நூல்போல இவற்றிற்குப் படிகள் பலவுண்டு. மற்றொன்று, 1930களின் இடைப்பகுதியிலிருந்து ஒலிபரப்பு நிலையங்களிலும் வீடுகளிலும் நேரே வெட்டப்பட்ட தட்டு. அலுமினியத் தகட்டின்மேல் செல்லுலோஸ் நைட்ரேட்டுப் பூச்சிட்டு, அதில் ஊசியால் வரிப்பள்ளம் கீறுவர். இரண்டாம் உலகப் போரில் அலுமினியம் அரிதானபோது கண்ணாடியும் அடித்தகடாயிற்று. இவ்வகைத் தட்டு ஒவ்வொன்றும் ஒற்றைப் படியே.

பூச்சு நெகிழ்வாயிருக்க ஆமணக்கெண்ணெய் சேர்த்தனர். காலப்போக்கில் எண்ணெய் சிதைந்து கொழுப்பமிலம் வெண்பொடியாக மேலே படியும். பூச்சுச் சுருங்கி வெடித்து உதிரும். பழைய கிராமபோனின் எஃகு ஊசியும் அதன் பெரும்பளுவும் இம்மென்பூச்சைச் சுரண்டிவிடும். ஆகவே ஒருமுறை கேட்டலும் ஒருமுறை அழித்தலாக முடியலாம். ஏட்டைப் பன்முறை புரட்டலாம். இத்தட்டிற்கு அவ்வுரிமை இல்லை.

இக்காலச் சுழல்தட்டுக் கருவியின் ஊசி சில கிராம் பளுவே உடையது. ஆயினும் மூன்று இடங்களில் அது பிழைபட ஓதக்கூடும். முதலாவது ஊசியின் பருமன். 1948இல் வந்த நெடுந்தட்டிற்குரிய நுண்ணூசி, பழைய அகன்ற பள்ளத்தின் அடியில் உராய்ந்து இரைச்சலையே எழுப்பும். ஆரம் அங்குலத்தில் ஆயிரத்தின் மூன்று பங்களவான ஊசியே பள்ளத்தின் சுவர்களைப் பற்றும். இரண்டாவது ஒலிச்சமன். 1950களின் இடையில் பொதுவழக்கான சமன்முறையைப் பழந்தட்டிற்கும் இட்டால், உயர் அதிர்வுகள் மிகையாகக் குன்றும். சகரத்தின் உரசற் கூறு மங்கும். அது பேசினோரின் ஒலிப்பன்று, கருவியின் பாடவேறுபாடே.

மூன்றாவதாகிய வேகமே தமிழாய்வாளர் பெரிதும் கருதத்தக்கது. வீட்டுக் கருவிகளின் சுழற்சி எப்போதும் 78 ஆக நின்றதில்லை. 70 சுழற்சியில் வெட்டிய தட்டை 78இல் ஓட்டினால் சுருதி ஏறத்தாழ ஒரு கட்டை உயரும். பாடகர் எக்கட்டையில் பாடினார் என்னும் முடிபே பொய்க்கும். பேச்சிலோ, குரலோடு வாயறையின் ஒத்ததிர்வும் உயர்வதால் உயிரொலிகளின் தன்மை திரியும். ஆனால் குறிலுக்கும் நெடிலுக்கும் உள்ள விகிதம் மாறாது. இரண்டும் ஒரே அளவில் குறுகும். எனவே வேகம் உறுதிப்படாத தட்டைக்கொண்டு மாத்திரை விகிதத்தை ஆராயலாம். உயிரின் ஒலியிடத்தை ஆராய்தல் தகாது.

ஒப்புநோக்கப் பிற படியில்லாத நிலையில் வேகத்தை எங்ஙனம் அறிவது? அகச்சான்றே துணை. மின்கருவியாற் பதித்த சில தட்டுகளில் மின்னோட்டத்தின் இரைச்சல் கலந்திருக்கும். பதித்த இடத்தின் மின்னோட்டம் நொடிக்கு 50 சுற்றாயின், அவ்விரைச்சலை அவ்வளவில் நிறுத்தி வேகத்தைக் கணிக்கலாம். உடன் ஒலிக்கும் ஆர்மோனியம் துணைச்சான்றாகும். எனினும் கருவிக்குக் கருவி சுருதி வேறுபடுதலின் அதனைத் தனிச்சான்றாகக் கொள்ளலாகாது.

பூச்சு உதிரும் நிலையிலுள்ள தட்டை ஊசியால் தொடவே கூடாது. அமெரிக்காவின் லாரன்ஸ் பெர்க்லி ஆய்வகத்தில் இந்நூற்றாண்டின் தொடக்கத்தில் உருவான முறை, பள்ளத்தை ஒளியாற் படமெடுத்துக் கணிப்பொறியால் ஒலியாக்குகிறது.

இவற்றால் பெறப்படும் நெறி இதுவாகும். சமனும் இரைச்சல் நீக்கமும் இடாத முதற்பதிவை மூலமாக வைத்தல் வேண்டும். திருத்திய பதிவைத் தனியே வைத்தல் வேண்டும். ஊசியின் பருமன், வேகம், வேகத்தைத் துணிந்த சான்று, சமன் ஆகிய நான்கையும் உடன் எழுதுதல் வேண்டும். இரைச்சலை அறவே நீக்க முற்படின் மெல்லொலிகளும் உடன்போகும். விளங்காத சொல்லைத் தம் கருத்துக்கேற்ப மாற்றும் பதிப்பாசிரியரின் பிழையும் இதுவே. ஏட்டுப் பதிப்பில் நாம் பேணும் நேர்மை ஒலிப்பதிப்பிற்கும் உரியது. ஏட்டிற்கு மறுபடி கிடைத்தல் கூடும். இக்குரலுக்கு மறுபடி இல்லை.