பட்டவன் கல்

ஸ்ரீவில்லிபுத்தூர் அருகே செண்பகத்தோப்பில் நின்று மேற்கே பார்த்தால் மலை மறித்து நிற்கும். அதன் மறுசரிவில் விழும் மழை வருசநாட்டு ஓடைகளில் இறங்கி வைகையில் சேருகிறது. அந்த வைகைக் கரையில், ஆண்டிபட்டி வட்டத்துப் புலிமான்கோம்பையில், 2006-இல் தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் மூன்று சிறு கற்களைக் கண்டார்கள். எழுத்து தமிழி, வயது இரண்டாயிரம் ஆண்டுக்கு மேல். கூடலூரில் நடந்த ஆகோளில் இறந்த அந்தவன் என்பவனுக்கு நட்டது என்று ஒரு கல் சொல்கிறது. ஆகோள் என்பது மாடு பிடிக்கும் பூசல். அந்தவன் கவரப் போனவனா, மீட்கப் போனவனா? கல் அதைப் பிரித்துச் சொல்லவில்லை. இரு பக்கத்துச் சாவுக்கும் கல் உண்டு என்பதுதான் அந்த நெறி.

ஐரோப்பியக் குதிரைவீரர்களின் அறத்தைப் பத்துக் கட்டளைகளாகத் தொகுத்தவர் லியோன் கோத்தியே என்ற பிரெஞ்சு அறிஞர். அதுவும் 1884-இல், கவச வீரர்களின் காலம் முடிந்து சில நூற்றாண்டுகள் கழித்து. நம் பக்கத்தில் தொல்காப்பியமே, கல்லைத் தேர்வதில் தொடங்கி, நீராட்டி, நட்டு, வாழ்த்துவது வரை ஆறு படிகளை வகுத்துவிட்டது.

கல்லுக்கு உரியவனாவது எளிதல்ல. புண் மார்பில் இருக்க வேண்டும். போருக்கு முன் பசுக்களையும் பெண்களையும் நோயாளிகளையும் விலகிப் போகச் சொல்லும் அறத்துக்காகவே பாண்டியன் முதுகுடுமிப் பெருவழுதியை நெட்டிமையார் பாடினார். வெண்ணிப் போரில் கரிகாலன் வேல் முதுகிலும் புண் செய்ததால் நாணிய சேரன், வடக்கிருந்து உயிர் விட்டான். வெண்ணிக்குயத்தியார், குயவர் குடிப் பெண், வென்ற கரிகாலனிடமே கேட்டார்: தோற்ற அவன் உன்னைவிட நல்லவன் அல்லவா? அரசன் முகத்துக்கு நேரே இதைக் கேட்க முடிந்ததே, அதற்காகவே அந்தக் காலத்தை நான் மதிக்கிறேன். மாடு பறிகொடுத்த ஊரின் துயரமும் அதே காலத்தில்தான் இருந்தது. அதையும் மறைக்க வேண்டியதில்லை.

பிறகு கல்லில் உருவம் வந்தது. செங்கம் பகுதியில் வில்லும் வாளுமாக வீரர்கள் நிற்கிறார்கள். எழுத்து "தொறு மீட்டுப் பட்டான்" என்ற வகையில் முடியும். தொறு என்றால் மாட்டு மந்தை; பட்டான் என்றால் இறந்தான். மகேந்திரவர்மன் காலத்து எடுத்தனூர்க் கல்லில் வீரனோடு ஒரு நாயும் நிற்கிறது. கோவிவன் என்று பெயர். கள்ளர் இருவரைக் கடித்துக் காவல் நின்றது. 2005-இல் இராசபாளையம் நாய் அஞ்சல் தலையில் வந்தபோது எனக்குக் கோவிவன் நினைவுதான் வந்தது. நாய்க்கும் பெயர் பொறித்த ஊர்க்காரர்களை என்ன சொல்லிப் புகழ்வது!

எழுத்து மறந்த பின்னும் கல் நிற்கிறது. தருமபுரி, திருவண்ணாமலைப் பக்கம் அது வேடியப்பன். தெற்கே பட்டவன் சாமி. கல்வெட்டின் "பட்டான்" அப்படியே படையல் வாங்கும் பெயராகிவிட்டான்.

ஸ்ரீவில்லிபுத்தூர்த் தலக்கதையும் ஒரு சாவில்தான் தொடங்குகிறது. வேட்டைக்குப் போன கண்டனைப் புலி கொன்றது. தேடி வந்த உடன்பிறந்தான் வில்லி காடு திருத்திக் கோயிலும் ஊரும் எழுப்பினான். ஊருக்கு வில்லியின் பெயர் நின்றது. கண்டன் விழுந்த காட்டை 2021-இல் புலிகள் காப்பகம் ஆக்கினார்கள். அதன் எல்லை மலையைத் தாண்டி மேகமலை வரை போகிறது.