இசை பிழைத்த பதினேழு பாடல்கள்



கவிதையைக் கண்ணாற் படித்து மகிழ்வது நமக்குப் பழக்கமாகிவிட்டது. ஆனால், பழஞ்சீனக் கவிதையில் பெரும்பகுதி பாடுவதற்கென்றே பிறந்தது. அதன் சொற்கள் ஏடுகளில் நிலைத்தன; இசையோ பாடினாருடன் மறைந்தது. அவ்வாறு மறையாமல் தப்பிய சில பாடல்களின் வரலாற்றையே இன்று உங்களுக்குக் கூற விரும்புகிறேன்.

எட்டாம் நூற்றாண்டில், தாங் பேரரசுக் காலத்தில், வாங் வெய் என்னும் கவிஞர் மேற்கெல்லைக்குச் செல்லும் நண்பருக்கு விடைகொடுத்து நான்கடிப் பாட்டொன்று இயற்றினார். அதில் உள்ளவை 28 எழுத்துகளே. பிரிவுநேரத்தில் அதனை மீண்டும் மீண்டும் பாடுவது வழக்கமாயிற்று. ஏழு நரம்புகள் கொண்ட ‘குச்சின்’ யாழில் இன்றும் அதனை இசைக்கின்றனர். ஆயினும் அதற்கு நமக்குக் கிடைத்துள்ள இசைக்குறிப்புகள் மிங் பேரரசுக் காலத்தவை. கவிஞருக்குப் பல நூற்றாண்டுகள் பிந்தியவை. வாங் வெய்யின் செவியில் விழுந்த இசை இதுதானா என்று எவர் உறுதி கூற வல்லார்?

பின்னர் வந்த சோங் பேரரசுக் காலத்தில் (960–1279), முன்பே வழங்கிய மெட்டுக்குச் சொற்களை நிரப்பிப் பாடும் ‘த்ஸு’ என்னும் பாவகை செழித்தது. மெட்டின் பெயரே பாட்டின் தலைப்பாகும். இன்று தலைப்புகள் இருக்கின்றன. மெட்டுகளிற் பெரும்பாலானவை இல்லை!

இந்த இழப்புக்கு விலக்காக நிற்பவர் ஜியாங் குவெய். தேர்வுகளில் தோற்று, அரசுப் பதவி ஏதும் பெறாது, நண்பர்களின் ஆதரவில் ஊரூராய்ச் சுற்றியவர் இவர். 1176ஆம் ஆண்டுக் குளிர்காலத்தில், ஏறத்தாழ இருபது வயதில், யாங்சோ நகரை அடைந்தார். செல்வம் கொழித்த அந்நகர் வடபுலத்து ஜின் படைகளின் தாக்குதலாற் பாழ்பட்டுக் கிடந்தது. அந்தி வேளையில் காவற்படையின் ஊதுகொம்பு ஒலித்தது. துயரம் தாளாது ஒரு பாட்டை இயற்றினார். மெட்டையும் தாமே அமைத்தார். சொற்களை முதலில் எழுதிப் பின்னர் இசை சேர்ப்பதே தமக்கு விருப்பமென்று பிறிதொரு பாட்டின் முன்னுரையில் அவரே குறித்துள்ளார்.

1202ஆம் ஆண்டு வெளிவந்த அவருடைய தொகுப்பில், 17 த்ஸு பாடல்களின் எழுத்துகளருகே சிறுசிறு இசைக்குறிகள் இடம்பெற்றன. 1350இல் தாவோ சோங்யி என்னும் அறிஞர் அந்நூலைப் படியெடுத்தார். பதினெட்டாம் நூற்றாண்டில் அது மீண்டும் அச்சேறியபோது, குறிகளின் பொருள் ஏறக்குறைய மறந்துபோயிருந்தது. யாங் யின்லியு என்னும் இசையறிஞர், சீயான் வட்டாரத்து நாட்டுப்புற மேளக் குழுவினர் கையாண்டுவந்த குறிகளோடு இவற்றை ஒப்புநோக்கினார். யின் ஃபாலு என்பவருடன் சேர்ந்து 1957இல் தம் ஆய்வினை நூலாக வெளியிட்டார். நூல்கள் மறந்ததை எளிய இசைவாணர் காத்திருந்தனர் என்பதை எண்ணிப் பாருங்கள்!

எனினும் ஒரு குறை நின்றது. அக்குறிகள் சுரத்தைக் காட்டும். அது நீளும் காலத்தைத் தெளிவுறக் காட்டமாட்டா. ஆகவே ஒவ்வோர் அறிஞரும் தாளத்தைத் தத்தம் ஊகத்தால் அமைத்தனர். யாங்சோப் பாடலை இருவேறு பதிவுகளில் நான் கேட்டிருக்கிறேன். இரண்டின் நடையும் வேறு வேறு. துயரம் மட்டும் ஒன்றே.

பாழ்பட்ட நகரங்கள் மீண்டும் எழுவதுண்டு. எழுதிவைக்கப்படாத பாட்டோ பாடுவோர் இறந்தால் மீள்வதில்லை. பாட்டறிந்த முதியோர் உங்கள் இல்லத்தில் இருப்பாராயின், இன்றே அவரருகே அமர்ந்து கேளுங்கள். கேட்டதைக் குறித்து வையுங்கள்.